ஏழரை வினாடி: நீர்மேல் வேகம் குறித்துச் சில குறிப்புகள்

1

வேகம் பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடையே இரண்டு குரல்கள்தான் எழுகின்றன. ஒன்று பிரமிப்பு, மற்றது கண்டனம். பிரமிக்கிறவர்கள் வேகத்தைத் தனிமனிதத் துணிச்சலாகப் பார்க்கிறார்கள். கண்டிக்கிறவர்கள் காசு இருக்கிறவனின் கொழுப்பு என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. வேகமாகப் போகிற ஆள் தன் விருப்பத்தின்பேரில் போகிறான். அந்தக் கிளர்ச்சி அவனுக்குள்ளேயே பிறந்து அவனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. யாரும் கேள்வி கேட்காத இந்த ஒப்பந்தத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க அதிவேக எந்திரப் படகை எடுத்துக்கொள்கிறேன். இலக்கியமும் கோட்பாடும் பேசுகிற பக்கங்களில் படகுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டுவிடலாம். வேகம் ஒரு தொன்மமாக எப்படிக் கட்டப்படுகிறது, அந்தக் கட்டுமானத்தில் யார் பெயர் நிற்கிறது, யார் பெயர் உதிர்ந்துபோகிறது என்பதைப் பார்க்க நீரைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. சாலையை மனிதன் போடுகிறான், தண்டவாளத்தையும் அவனே போடுகிறான். நீரை யாரும் போடவில்லை. நீர்மேல் வேகமாகப் போக நினைக்கிறவன் நீரிடம் கேட்டுக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது.

2

முதலில் படகு எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே பேசினால் வெறும் உருவகத்தில்தான் போய் விழுவோம்.

சாதாரணப் படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்கி, அந்தப் பள்ளத்திலேயே கிடந்து நகர்கிறது. வேகத்தைக் கூட்டக் கூட்டத் தனக்கு முன்னால் தானே ஓர் அலையை எழுப்பிக்கொள்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் தான் எழுப்பிய அலையையே ஏறிக் கடக்க முடியாமல் திணறுகிறது. அப்புறம் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் புகை வருமே ஒழிய வேகம் வராது. ஆனால் அடிப்பாகம் தட்டையாக இருந்து, விசையும் போதுமான அளவு இருந்துவிட்டால் கதை மாறுகிறது. படகு அந்த அலைமேல் ஏறிவிடுகிறது. மிதப்பது நின்று வழுக்குவது தொடங்குகிறது. குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசித் தத்தித் தத்திப் போகவிட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சாதனைப் படகுகள் இதையே கடைசி எல்லைவரை கொண்டுபோயின. படகின் முன்பக்கம் இருபுறமும் இரண்டு மிதவைகள், பின்பக்கம் ஒரு முனை. முழு வேகத்தில் இந்த மூன்று இடங்கள் மட்டுமே நீரைத் தொடும். மிச்சமெல்லாம் காற்றில். இங்கேதான் சிக்கல். நீரைத் தொடும் பரப்பு குறையக் குறைய உராய்வு குறைகிறது, வேகம் கூடுகிறது. வேகம் கூடக்கூட அடியில் புகும் காற்று படகைத் தூக்கப் பார்க்கிறது. மூக்கு ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் தூக்கிக்கொண்டால் அப்புறம் அதைக் கீழே இறக்க யாராலும் முடியாது. இறக்கை இல்லாத விமானமாகிவிடும். ஆக, நீரில் ஒட்டவும் கூடாது, நீரை விடவும் கூடாது. இந்த இரண்டு ‘கூடாது’களுக்கு இடையில் இருக்கிற மயிரிழைதான் ஓட்டுகிறவனுக்குக் கிடைத்த இடம்.

வேகமாக மோதுகிறபோது நீர் திரவமாக நடந்துகொள்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விலகிக்கொள்ள அதற்கு நேரம் தரப்படுவதில்லை. நேரம் தராவிட்டால் நீர் பாறைதான். ஒரு சாண் உயர அலைகூட அந்த வேகத்தில் கல்திட்டு மாதிரி இடிக்கிறது.

3

ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘தொன்மவியல்கள்’ நூலில் ஜெட் விமானி பற்றி ஒரு சிறு கட்டுரை இருக்கிறது. பழைய விமானி சாகசக்காரன்; அவன் வெளியை வென்றான், வேகத்தை அனுபவித்தான். ஜெட் விமானியிடம் வேகம் ஓர் அனுபவமாக இல்லாமல் ஒரு நிலையாக மாறிவிடுகிறது, அசைவின்மையாக உறைந்துவிடுகிறது, அவன் மனிதனைவிட எந்திரத்துக்கு நெருங்கியவனாகிறான் என்பது பார்த்தின் வாசிப்பு. ஆகாயத்துக்கு இது பொருந்தலாம். அதே ஜெட் எந்திரத்தை ஒரு படகில் பொருத்திப் பாருங்கள், வாசிப்பு உடைந்துவிடும். நீர்மேல் அசைவின்மை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு அங்குலமும் உடம்பில் வந்து இடிக்கிறது. முதுகெலும்பு படிக்கிறது, இடுப்பு படிக்கிறது, பாதம் படிக்கிறது. கண் படித்து மூளைக்குச் சொல்லி மூளை காலுக்குச் சொல்வதற்குள் படகு நூறு மீட்டர் தாண்டியிருக்கும். கிளர்ச்சி என்று நாம் சொல்வதற்கு இங்கே ஒரு பௌதிக அர்த்தம் இருக்கிறது. பயமும் சந்தோஷமும் பிரிவதற்கு முன்னால், இடியும் ஒலியும் அதிர்வுமாக மொத்தமாக உடம்புக்குள் வந்து சேருகிற செய்தி அது.

அந்தச் செய்தியை வாசிக்கத் தெரிவதுதான் திறமை. நீரின் நிறம் மாறுகிற இடத்தில் காற்று விழுந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். எந்திரத்தின் சத்தத்தில் ஒரு சுருதி கூடினால் எங்கோ பிடிமானம் விட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். இடமும் வலமும் மாறிமாறி மிதவைகள் துள்ளத் தொடங்கினால் அந்தத் தாளம் தானே அடங்குமா, அல்லது ஒவ்வொரு துள்ளலும் அடுத்ததை வளர்க்குமா என்று கணிக்க வேண்டும். இவை எதுவும் வீரம் என்ற சொல்லுக்குள் அடங்குவதில்லை. நெசவாளிக்கு நூலின் இழுவை தெரிகிற மாதிரி, இது கைப்பழக்கம் சார்ந்த ஓர் அறிவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடலில் நடக்கும் எந்திரப் படகுப் பந்தயங்களில் பெரும்பாலும் படகை ஓட்டுவது ஒரு ஆள் கிடையாது. ஒருவர் திசையைப் பிடிக்கிறார், இன்னொருவர் விசையைப் பிடிக்கிறார். அலையிலிருந்து படகு எகிறும்போது புரொப்பெல்லர் காற்றில் வந்துவிடும். சுமை இல்லாத எந்திரம் தறிகெட்டுச் சுழன்று உடைந்துபோகும். விசைக்காரர் அந்தக் கணத்தில் விசையைக் குறைத்து, மறுபடி நீரில் விழுவதற்கு ஒரு நொடிப்பொழுது முன்னால் ஏற்ற வேண்டும். அலைக்கு அலை இதே வேலை. இரண்டு உடம்புகள் ஒரே அலையை ஒரே மாதிரி வாசித்தால் மட்டுமே படகு போகும். வேகத்தின் தன்னிலை ஒருமையில் இருக்கிறது என்ற கதையாடல் இங்கே நடைமுறையிலேயே செத்துப்போகிறது. ஆனால் பத்திரிகையில் அது சாவதில்லை. 1987 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் ஒயிட் தீவுக்கு அருகே ஒரு பந்தயப் படகு, எண்ணெய்க் கப்பல் ஒன்று விட்டுப்போன அலையில் ஏறிக் கவிழ்ந்தது. செத்தவர்கள் மூன்று பேர்: திதியே பிரோனி, பெர்னார் ஜிரூ, ழான் கிளாத் கெனார். பிரோனி புகழ்பெற்ற ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய வீரர். சம்பவம் ‘பிரோனியின் மரணம்’ என்றே வரலாற்றில் ஏறிவிட்டது. மற்ற இருவரும் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

4

இந்த உதிர்தல் படகுச் சாதனைகளின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1930 ஜூன் 13 அன்று வின்டர்மியர் ஏரியில் சர் ஹென்றி சீக்ரேவ் ‘மிஸ் இங்கிலாந்து 2’ என்ற படகில் மணிக்கு 98.76 மைல் வேகத்தில் உலகச் சாதனை படைத்தார். அடுத்த ஓட்டத்தில் படகு கவிழ்ந்து, சில மணி நேரத்தில் இறந்தார். கூட இருந்த ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினியர் விக்டர் ஹாலிவெல்லும் அதே ஏரியில் செத்தார். படகு ஓடுகிறபோது எந்திரங்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர். சீக்ரேவின் பெயர் தெரிந்த ஆயிரம் பேரில் ஹாலிவெல்லின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

படகுகளின் பெயர்களையும் வாசிக்கலாம். ‘மிஸ் இங்கிலாந்து’, அதற்கு எதிராக அமெரிக்காவின் கார் வுட் ஓட்டிய ‘மிஸ் அமெரிக்கா’. 1932இல் ‘மிஸ் அமெரிக்கா 10’ மணிக்கு 124.86 மைல் தொட்டது. தேசம் பெண்ணாக்கப்பட்டுப் படகில் எழுதப்படுகிறது. அவள்மேல் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறவன் ஆண். அவன் செத்தால் தியாகி. இதைக் கட்டுடைக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை, மேலேயே தெரிகிறது.

கேம்பெல் குடும்பத்தின் படகுகளுக்கு வேறு வகையான பெயர். மால்கம் கேம்பெல் தன் கார்களுக்கும் படகுகளுக்கும் ‘நீலப் பறவை’ என்று பெயரிட்டார். மேட்டர்லிங்கின் நாடகத்திலிருந்து எடுத்தது. மகிழ்ச்சியின் நீலப் பறவையைத் தேடி உலகமெல்லாம் அலைந்த குழந்தைகள், அது தங்கள் வீட்டிலேயே இருந்ததைக் கடைசியில் கண்டுகொள்கிற கதை. 1948இன் கடைசி நாளில் மால்கம் இறந்ததும் மகன் டொனால்ட் அந்தப் பெயரைச் சொத்தாக எடுத்துக்கொண்டார். பெயரோடு இன்னொரு சொத்தும் வந்தது: லியோ வில்லா. அப்பாவுக்கு மெக்கானிக்காக இருந்து மகனுக்கும் மெக்கானிக்காக இருந்தவர். எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு வியாதியைச் சொல்லக்கூடிய ஆள். நாரிஸ் சகோதரர்கள் வடிவமைத்த ‘நீலப் பறவை கே7’, 1955 ஜூலையில் அல்ஸ்வாட்டர் ஏரியில் மணிக்கு 202.32 மைல் போனது. அதிலிருந்து 1964 டிசம்பர் 31 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் 276.33 மைல் வரை, டொனால்ட் கேம்பெல் தன் சாதனையைத் தானே ஆறு தடவை படிப்படியாக உயர்த்தியிருக்கிறார். அதே 1964இல் தரையிலும் மணிக்கு 403.10 மைல். ஒரே ஆண்டில் நிலம், நீர் இரண்டிலும் சாதனை படைத்தவர் வேறு யாரும் இல்லை.

அந்தப் படிகளைக் கவனிக்க வேண்டும். 202, 216, 225, 239, 248, 260, 276. இது சூதாடியின் கணக்காகத் தெரியவில்லை. ஒவ்வொரு படியிலும் படகைத் திறந்து பார்த்து, மாற்றி, மறுபடி நீரில் இறக்கி, காற்று அடங்கக் காத்திருந்து ஓட்டிய கணக்கு. இந்தச் சாதனைகளில் பெரும்பகுதி காத்திருத்தல்தான்.

5

அப்படியானால் 1967 ஜனவரி 4 அன்று கானிஸ்டன் ஏரியில் என்ன நடந்தது?

அதற்கு முந்தைய நிலைமை இது. 1965இல் அமெரிக்கர் கிரெய்க் பிரீட்லவ் தரையில் மணிக்கு 600 மைலைத் தாண்டிவிட்டார். கேம்பெல்லின் 403 பழைய செய்தியாகிவிட்டது. அவருக்கு ராக்கெட் கார் ஒன்று கட்ட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், பணத்துக்குச் செய்தி வேண்டும். பன்னிரண்டு வயதான படகில் புதிய எந்திரம் பொருத்தி, நீரில் 300 மைலைத் தொட்டுக் காட்டினால் செய்தி கிடைக்கும். 1966 நவம்பரில் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எந்திரத்தில் கோளாறு, அப்புறம் மழை, அப்புறம் காற்று. கரையில் பத்திரிகைக்காரர்கள் வாரக்கணக்காகச் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். சலித்த பத்திரிகைக்காரன் என்ன எழுதுவான் என்பது நமக்குத் தெரியும்.

சாதனை விதி இப்படி: அளவிட்ட ஒரு கிலோமீட்டரை எதிரெதிர்த் திசைகளில் இரண்டு முறை, ஒரு மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. ஜனவரி 4 காலை முதல் ஓட்டம் மணிக்கு 297.6 மைல். நம் அளவில் 479 கிலோமீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை வினாடி. (ஏழரை என்ற சொல்லைக் கேட்டாலே நம்மூரில் சனி ஞாபகம் வரும். கேம்பெல்லும் சகுனம் பார்க்கிறவர்தான். பச்சை நிறம் ஆகாது அவருக்கு. முந்தைய இரவு சீட்டாட்டத்தில் கெட்ட சகுனம் என்று அவர் நினைத்த சீட்டுகள் வந்ததாகவும் சொல்வார்கள். ஊடகங்கள் இந்தச் சீட்டுகளைத்தான் விரும்பி எழுதின. விதி என்று சொல்லிவிட்டால் வேறு யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா.)

வழக்கமாக மறுமுனையில் படகை நிறுத்தி எண்ணெய் நிரப்புவார்கள். அதற்குள் முதல் ஓட்டம் எழுப்பிய அலைகள் கரைகளில் மோதித் திரும்பி அடங்கிவிடும். நீண்டு ஒடுங்கிய ஏரி அது. எழுப்பிய அலை சீக்கிரம் வெளியேற இடமில்லை. அன்று கேம்பெல் நிறுத்தவில்லை. உடனே திரும்பினார். திரும்பி வரும்போது வேகம் மணிக்கு 320 மைலைத் தாண்டியிருந்தது. மிதவைகள் துள்ளின. அளவுக் கிலோமீட்டர் முடியக் கொஞ்ச தூரமே இருக்கையில் மூக்கு எழும்பி, படகு நீரைவிட்டுக் கிளம்பி, பின்பக்கமாகக் கரணமடித்து ஏரியில் குத்தியது. அவருக்கு வயது 45. ரேடியோவில் கடைசிவரை பேசிக்கொண்டே வந்தார், கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. சாவு அன்று மாலையே பிம்பமாகிவிட்டது.

காரணம் என்ன என்பதில் ஒரே முடிவு இல்லை. தன்னுடைய அலையையே திரும்பி வந்து மோதினார் என்பது ஒரு விளக்கம். எந்திரத்தின் உந்துவிசை திடீரென்று குறைந்தது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது விளக்கத்தில் ஒரு விபரீதம் இருக்கிறது. கே7இல் ஜெட்டின் உந்துவிசை மூக்கைக் கீழே அழுத்திப் பிடிக்கவும் உதவியது. விசை குறைந்தால் அந்த அழுத்தமும் போய்விடும். வேகத்தைக் குறைப்பது ஆபத்தைக் குறைக்கும் என்பது தரையில் கற்ற அறிவு. நீர்மேல் ஒரு எல்லையைத் தாண்டியபின், விரைவதும் ஆபத்து, நிதானிப்பதும் ஆபத்து. நிதானிக்க முடிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால், ஏரியின் மறுமுனையில், அலை அடங்கும்வரை இருக்கிற அந்தச் சில நிமிடங்கள்.

6

பால் விரிலியோ, ஒவ்வொரு தொழில்நுட்பமும் தனக்கே உரிய விபத்தையும் சேர்த்தே கண்டுபிடிக்கிறது என்கிறார். கப்பலைக் கண்டுபிடித்தபோதே கப்பல் மூழ்குவதும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இது அப்படியே நம்மிடம் இறக்குமதியாகும்போது ஒரு வசதியான விதிவாதமாகிவிடுகிற ஆபத்து இருக்கிறது. கே7இன் வடிவத்துக்குள் அதன் கரணம் ஒளிந்திருந்தது உண்மை. அந்தக் கரணத்தை 1967 ஜனவரி 4க்கு இழுத்துக்கொண்டு வந்ததில் படகின் வடிவத்துக்கு மட்டும் பங்கு இல்லை. பணம் தருகிறவனின் பொறுமை, பத்திரிகையின் பொறுமை, சரிந்துகொண்டிருந்த ஒரு பேரரசின் தன்மானம் என்று பல கடிகாரங்கள் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டுகிறவனின் உடம்பு நீரின் நேரத்தைக் கற்றிருந்தது. அவனைச் சுற்றியிருந்த ஏற்பாடு வேறொரு நேரத்தில் ஓடியது. இரண்டு நேரங்களும் மோதிய இடத்தைத்தான் நாம் ‘வேக வெறி’ என்று ஒரு தனிமனிதனின் மனசுக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறோம்.

இதற்கு எதிர்நிலையில் கென் வார்பியை வைத்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலியர். சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில் மரம், ப்ளைவுட், ஃபைபர் கிளாஸ் கொண்டு படகைக் கட்டினார். ராணுவம் கழித்துக்கட்டிய ஜெட் எந்திரத்தை ஏலத்தில் சொற்ப விலைக்கு வாங்கினார். பெரிய புரவலர்கள் இல்லை, வாரக்கணக்காகக் கரையில் காத்துக்கிடந்த உலகப் பத்திரிகைகளும் இல்லை. சில ஆண்டுகள் படிப்படியாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், 1978 அக்டோபர் 8 அன்று நியூ சவுத் வேல்ஸின் புளோவரிங் அணை நீரில் மணிக்கு 317.6 மைல் (511 கிலோமீட்டர்) தொட்டார். அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அதை முறியடிக்கப் போன லீ டெய்லர் 1980இலும், கிரெய்க் ஆர்ஃபன்ஸ் 1989இலும் நீரில் செத்தார்கள். வார்பி 2023இல், 83 வயதில் இறந்தார்.

வார்பியை மாற்று நாயகனாக்கி மாலை போட நான் தயாராக இல்லை. அவருக்கும் அதிர்ஷ்டம் இருந்திருக்க வேண்டும். ஒரு நாயகனை இறக்கி இன்னொருவனை ஏற்றுவதில் நமக்கு என்ன லாபம்? என் அக்கறை வேறு. அவருடைய நேரம் பெருமளவு அவர் கையில் இருந்தது. நீர் தயாராக இல்லாத நாளில் வீட்டுக்குப் போக அவரால் முடிந்தது. திறமை என்பதில் பாதி அதுதான் என்றால், திறமையைத் தனிமனிதனின் குணமாக மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. தன் நேரத்தின்மேல் ஒருவனுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதும் திறமையின் பகுதிதான். இதைப் படகோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. ‘டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டினான்’ என்று நாம் படிக்கிற ஒவ்வொரு செய்தியிலும், அவனுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவன் யார் என்ற வரி விடுபட்டிருக்கிறது.

7

கே7இல் கடைசியாகப் பொருத்திய எந்திரத்தின் பெயர் ஆர்ஃபியஸ். நாட் வகைப் போர் விமானத்திலிருந்து எடுத்தது. நாட் நமக்கு அந்நியமானதல்ல. பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் பெற்று அந்த விமானத்தையும் ஆர்ஃபியஸ் எந்திரத்தையும் தயாரித்தது. 1965 போரில் இந்திய விமானப்படை நாட் விமானங்களைப் பயன்படுத்தியது. ஏரியில் சாகசம், எல்லையில் போர். வேகத்தின் குடும்ப அட்டையில் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள். ஆர்ஃபியஸ் என்ற கிரேக்கப் பாடகன் பாதாளத்திலிருந்து மனைவியை மீட்டுக்கொண்டு வருகையில், காத்திருக்க மாட்டாமல் திரும்பிப் பார்த்து அவளை இழந்தவன் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

2001 மார்ச்சில் கே7ஐ ஏரியிலிருந்து தூக்கினார்கள். மே மாதம் கேம்பெல்லின் உடல் கிடைத்தது. செப்டம்பரில் கானிஸ்டன் ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். பழுது பார்க்கப்பட்ட படகு 2018இல் ஸ்காட்லாந்தின் ஓர் ஏரியில் மறுபடி ஓடியது. 2024இல் கானிஸ்டனுக்குத் திரும்பி வந்து அங்குள்ள அருங்காட்சியகத்தில் சேர்ந்தது. அந்த அருங்காட்சியகத்தின் பெயர் ரஸ்கின் அருங்காட்சியகம். ஆமாம், ஜான் ரஸ்கின்தான். அதே ஏரிக்கரையில் வாழ்ந்து 1900இல் இறந்தவர். அந்த ஏரிப் பகுதிக்குள் ரயில் பாதையை நீட்டக்கூடாது என்று 1876இல் எழுதியவர். அவருடைய ‘கடையனுக்கும் கடைத்தேற்றம்’ நூலை 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகிற ரயிலில் ஒருவர் படித்தார். காந்தி. ரயிலை வெறுத்தவரை ரயிலில் படித்த அவர், 1909இல் ‘இந்திய சுயராஜ்ய’த்தில் ரயிலைக் கண்டித்தார். அதையும் ஓடுகிற கப்பலில் உட்கார்ந்துதான் எழுதினார்.

வேகத்தை எதிர்த்தவர்களும் அதில் பயணம் செய்துகொண்டேதான் எதிர்த்தார்கள் என்பதை நான் கேலியாகச் சொல்லவில்லை. வேகத்துக்கு வெளியே நின்று பேசுகிற இடம் நமக்கும் கிடையாது. ரஸ்கினிடமிருந்து காந்தி எடுத்துக்கொண்டது ரயில் வெறுப்பைவிட முக்கியமான ஒன்று: வக்கீலின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே. அந்த அளவுகோலை அருங்காட்சியகத்தில் நிற்கிற அந்த நீலப் படகின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சீக்ரேவுக்குப் பக்கத்தில் ஹாலிவெல், பிரோனிக்குப் பக்கத்தில் ஜிரூவும் கெனாரும், கேம்பெல்லுக்குப் பக்கத்தில் எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த வில்லா. வேகத்தின் வரலாற்றை இத்தனை பேரையும் சேர்த்து எழுதும்போதுதான், அந்த ஏழரை வினாடியை யார் யார் அவசரப்படுத்தினார்கள் என்ற கேள்வியையும் நம்மால் கேட்க முடியும்.